ஊராட்சித் திட்டத்தை மக்களோடு சேர்ந்து போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க உதவப் புதிதாக வரும் தன்னார்வலர்கள், தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். மைக் சரியில்லை, நோட்டீஸ் ஒட்டவில்லை போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

பணம் எவ்வளவு என்று சொல்லாமல் கோரிக்கை கேட்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதைப் பார்த்தால்தான். "உங்க ஊருக்கு என்ன வேணும்?" என்று கேட்டு நோட்டை நிரப்புகிறார்கள். ஊராட்சியின் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் வாய் திறப்பதில்லை.

2021–26 காலத்துக்கு 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் ஊர் தன் தேவையைப் பார்த்து முடிவெடுக்க முடிந்தது. அதிலும் சம்பளம் போட அனுமதி இல்லாமல் இருந்தது.

ஓர் ஊரில் மகளிர் குழுவினர் சமுதாயக்கூடம் கேட்டார்கள். இடம்கூடப் பேசி, தீர்மானமும் எழுதியாயிற்று. மறு வருடம் வந்தது கழிவுநீர் வாய்க்கால். வாய்க்காலும் தேவைதான், ஆனால் கூடம் ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. "தலைவர் தின்னுட்டார்" என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த கிராம சபைக்குக் கையெழுத்துப் போட மட்டும் வந்தார்கள். நிதிக்கணக்கை ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டியிருந்தால், வாய்க்கால் எந்தத் தெருவுக்கு முதலில் என்று அந்தப் பெண்களே பேசி முடித்திருப்பார்கள்.

நகர நிதியை எதற்குச் செலவழிப்பது என்பதில் மக்களே சேர்ந்து முடிவெடுக்கும் பங்கேற்பு பட்ஜெட்டை 1989இல் தொடங்கிய பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில், சென்ற ஆண்டு முடிவான வேலைகள் என்னவாயின என்று நிர்வாகம் முதலில் மக்களுக்குக் கணக்குச் சொன்னது. நீங்களும் கூட்டத்துக்கு முன்பே ஊராட்சி செயலரோடு உட்கார்ந்து வீட்டு வரி, மாநில நிதி ஆணைய மானியம், ஒன்றிய அரசின் மானியம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சென்ற ஆண்டுத் தீர்மானங்களில் எது முடிந்தது, எது நின்றது என்பதையும் கேளுங்கள்.

பெரிய கூட்டத்தில் எல்லாரும் பேசுவார்கள் என்று நம்புவது

பேசமாட்டார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் பேசுவார்கள், காலனி மக்கள் ஓரமாக நிற்பார்கள். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் கிராம சபையைச் சிறு குழுக்களாகப் பிரித்துத்தான் பேச வைத்தார்கள். பெண்களோடும் காலனியிலும் தனியாக உட்காருங்கள், அப்புறம் பொதுக்கூட்டம்.

தீர்மானத்தை வாசிக்காமல் கையெழுத்து வாங்குவது

கூடவே கூடாது.

ஓவர்சியரைக் கடைசியில் கூப்பிடுவது

மக்கள் முடிவு செய்த பிறகு வந்து "இதுக்கு எஸ்டிமேட் போட முடியாது" என்பார். ஊரின் தேவைகளைத் தெருத்தெருவாக நடந்து பார்க்கும் நாளிலேயே அவரையும் கூட்டிப் போங்கள்.