மனம் இளைப்பாற அரூப ஓவியம்: தொடங்குவதும் தொடர்வதும்

"எனக்கு வரையவே வராது" என்பவர்களுக்கு அரூப ஓவியம்தான் நல்ல தொடக்கம். இதில் குதிரை குதிரையாகத் தெரிய வேண்டியதில்லை, முகத்தில் மூக்கு சரியான இடத்தில் விழ வேண்டியதில்லை. கோடு, நிறம், வடிவம், கையின் அழுத்தம் எல்லாம் ஒரு தாளுக்குள் எப்படிக் கூடி வருகின்றன என்பதுதான் மொத்த விஷயமும். ஒப்பிட்டுப் பார்க்க எதிரே ஒரு பொருள் இல்லாததால் 'சரியாக வந்திருக்கிறதா' என்ற கேள்வியின் பிடி பாதி தளர்ந்துவிடுகிறது, மனச்சுமையோடு வந்து உட்காருபவருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. 2016-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவருடைய குழுவினரும் 39 பேரிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டுவதற்கான தாள்கள் எல்லாம் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தபோது ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. ஏற்கெனவே வரைந்து பழகியவரா, புதியவரா என்பது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. 39 பேர் சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து அளவுக்கு மீறிச் சொல்லக் கூடாது. ஆனால் பயன் கிடைக்கத் திறமை முன்நிபந்தனை இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓவியச் சிகிச்சை என்று தனியாக ஒரு துறையே இருக்கிறது. காசநோய் மருத்துவமனையில் தான் குணமாகி வந்தபோது வரைவதன் பலனை உணர்ந்த ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1942-இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். இன்று அது பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உடனிருந்து செய்வது. நாம் வீட்டில் செய்யப் போவது இளைப்பாறுதல். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தாலோ, எதிலுமே பிடிப்பில்லாமல் போயிருந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, வண்ணத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதோடு சேர்த்து வரையலாம், அதற்குப் பதிலாக வேண்டாம்.

முதலில் எல்லையைக் கட்டுங்கள்

இதைக் கற்றுக்கொடுக்கும் பலர் "விதியே கிடையாது, மனம் போன போக்கில் வரையுங்கள்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. களைத்துப்போய் வருபவரிடம் வெற்றுத் தாளையும் ஒரு பெட்டி நிறைய வண்ணங்களையும் கொடுத்து இஷ்டம்போல் செய்யுங்கள் என்றால், எந்த நிறம், எங்கே, எவ்வளவு என்று இன்னும் நூறு முடிவுகளை அவர் தலையில் ஏற்றுகிறோம், அவ்வளவுதான். 2005-இல் கரி, காசர் என்ற இரு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களைக் கொஞ்சம் பதற்றப்பட வைத்துவிட்டு, சிலருக்கு மண்டல வடிவத்தையும் (வட்டத்துக்குள் சீராக அடுக்கிய கோலம் போன்றது) சிலருக்குக் கட்டம் போட்ட வடிவத்தையும் வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வெற்றுத் தாள். வடிவம் கிடைத்த இரண்டு குழுவினருக்கும் பதற்றம் இறங்கியது, வெற்றுத் தாள் கிடைத்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை.

அதற்காக அச்சடித்த வடிவங்களோடு நின்றுவிடச் சொல்லவில்லை. எல்லையை நாமே போட்டுக்கொள்ளலாம் என்கிறேன். உட்காரும் முன்பே மூன்றை முடிவு செய்துவிடுங்கள்: எவ்வளவு பெரிய தாள், எந்த மூன்று நிறங்கள், எத்தனை நிமிடம். அதன்பிறகு அவற்றை மாற்றக் கூடாது. நடுவில் "கொஞ்சம் சிவப்பும் இருந்தால் நன்றாயிருக்குமே" என்று தோன்றும், தோன்றட்டும், அது அடுத்த தாளுக்கு.

என்ன வேண்டும்

தாள் சின்னதாக இருக்கட்டும். ஏ4 தாளில் பாதி, அதாவது ஏ5, தாராளம். பெரிய கேன்வாஸ் தொடக்கத்தில் மிரட்டும், அதை நிரப்பியாக வேண்டும் என்ற கடமை உணர்ச்சியும் வந்துவிடும். தண்ணீர் கலந்து தீட்டப் போகிறீர்கள் என்றால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) கனமுள்ள தாள் வாங்குங்கள், மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்து குளம் கட்டும், அது எரிச்சல்தான் தரும். மார்க்கர், ஆயில் பேஸ்டல் (எண்ணெய்ப் பசை கலந்த வண்ணக் குச்சி) போன்றவற்றுக்கு 150 முதல் 200 ஜிஎஸ்எம் போதும்.

வண்ணத்தில் அக்ரிலிக், வாட்டர் கலர், ஆயில் பேஸ்டல் மூன்றுமே புதியவர்களுக்கு ஏற்றவை. அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், காய்ந்தபின் தண்ணீரில் கரையாது, அதனால் ஒன்றின் மேல் ஒன்றாகத் தயங்காமல் பூசலாம். ஆனால் பிரஷ்ஷை உடனே கழுவ வேண்டும், காய விட்டால் அந்த பிரஷ் போனது போனதுதான். வாட்டர் கலர் காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். ஆயில் பேஸ்டலுக்குத் தண்ணீரும் வேண்டாம், பிரஷ்ஷும் வேண்டாம், எடுத்தோம் தேய்த்தோம் என்று இருக்கலாம், வேலை முடிந்து வீடு திரும்பும் நாட்களுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

மூன்று நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? பலருடைய படம் சேற்று நிறத்தில் போய் முடிவதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் ஒன்றையொன்று கொல்லும் ஜோடிகள், ஈரமாக இருக்கும்போது கலந்தால் பழுப்பும் சாம்பலுமாக மங்கிவிடும். பக்கத்துப் பக்கத்து நிறங்களை எடுத்தால் எவ்வளவு கலந்தாலும் தெளிவாகவே இருக்கும்: நீலம், பச்சை, மஞ்சள் அல்லது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. கூடவே வெள்ளை ஒன்று. இந்த மூன்றில் ஒன்று அடர்த்தியாகவும் ஒன்று வெளிறியும் இருந்தால் படத்துக்கு ஆழம் தானாக வரும்.

தாளின் நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் மேசையில் ஒட்டிவிடுங்கள். தாள் நகராது, நெளிவதும் குறையும், முழுக்கக் காய்ந்தபின் டேப்பைத் தாழ்வாக மடக்கி மெதுவாக இழுத்தால் சுற்றிலும் பளிச்சென்று வெள்ளைச் சட்டம் கிடைக்கும். இந்தச் சட்டம் செய்யும் வேலை கொஞ்சநஞ்சமில்லை, குழப்பமாகத் தெரிந்த படம்கூட அதற்குள் ஒழுங்காக உட்கார்ந்துவிடும்.

எந்த மனநிலைக்கு எந்தப் பொருள்

ஓவியச் சிகிச்சையாளர்கள் பொருள்களை ஒரு வரிசையில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு முனையில் தண்ணீராக ஓடும் வண்ணங்கள், விரலால் பூசுபவை. மறுமுனையில் பென்சில், மார்க்கர் போல கையின் கட்டுப்பாட்டுக்குள் நிற்பவை. ஓடும் வண்ணம் உணர்ச்சியைத் தளர்த்தி வெளியே கொண்டுவரும், கட்டுப்பாடான பொருள் உணர்ச்சியை ஓர் எல்லைக்குள் பிடித்து வைக்க உதவும். இதை அறிந்து வைத்திருப்பது வீட்டில் வரைபவருக்கு மிகவும் பயன்படும், ஆனாலும் யாரும் அதிகம் சொல்வதில்லை.

மனம் படபடத்துக்கொண்டிருக்கிறதா? அன்றைக்கு வாட்டர் கலரைத் தொடாதீர்கள். அது சொன்ன பேச்சு கேட்காமல் ஓடும்போது படபடப்பு கூடும். கருப்பு மார்க்கரை எடுத்துச் சின்னச் சின்னக் கட்டங்கள், அரைவட்டங்கள், இணைகோடுகள் என்று தாளின் ஒரு மூலையிலிருந்து நிரப்பிக்கொண்டே போங்கள். எதுவுமே தோன்றாமல் மரத்துப்போய் இருக்கும் நாளில் நேர்மாறாக, தாளை முழுக்க நனைத்து அதில் வண்ணத்தை விட்டுப் பரவுவதைப் பாருங்கள். கோபமாக இருந்தால் ஆயில் பேஸ்டல்தான், நன்றாக அழுத்தித் தேய்க்கலாம், உடைந்தாலும் துண்டை வைத்து வரையலாம், தோளிலிருந்து கை அசையும் அளவுக்கு அந்த ஒரு நாள் மட்டும் பெரிய தாள் எடுத்துக்கொள்ளலாம்.

வரைய உட்கார்ந்ததும்

கையைத் தளர்த்துவதற்கு மூச்சுக்கோடு போல எளிதானது வேறில்லை. பென்சிலையோ பேஸ்டலையோ தாளின் இடது ஓரத்தில் வையுங்கள், மூச்சை உள்ளிழுக்கும்போது கோடு மேலே ஏறட்டும், விடும்போது இறங்கட்டும். வெளிவிடும் மூச்சைக் கொஞ்சம் நீட்டினால் இறக்கமும் நீளும். வலது ஓரம் வந்ததும் கீழே அடுத்த கோடு. ஐந்தாறு வரி போவதற்குள் கோட்டின் நடுக்கம் குறைவது கண்ணுக்கே தெரியும். இந்தக் கோடுகளை அழிக்க வேண்டாம், இவைதான் படத்தின் அடித்தளம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் சின்னச் சின்ன அறைகள் உருவாகியிருக்கும், அவற்றில் உங்கள் மூன்று நிறங்களையும் ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்குங்கள். சிலவற்றைக் காலியாக விடுங்கள். எதை விடுவது என்று யோசிக்காதீர்கள், கை தாண்டிப் போனதை விட்டுவிடுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வரைவது, பழக்கமில்லாத கையால் வரைவது இரண்டும்கூட நல்ல வழிகள். 1920-களில் ஆந்த்ரே மாசோன் என்ற பிரெஞ்சு ஓவியர் முன்கூட்டித் திட்டமிடாமல் பேனாவைத் தாளில் அலைய விட்டு நிறைய வரைந்திருக்கிறார், அறிவு குறுக்கிடும் முன் கை போய்விட வேண்டும் என்பதுதான் அதன் உத்தி.

ஈரத்தின் மேல் ஈரம் என்ற முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் மனம் அடங்குவது இதில்தான். சுத்தமான தண்ணீரால் தாளை நனையுங்கள், மினுமினுப்பு இருக்க வேண்டும், குளம் கட்டக் கூடாது. பிரஷ் நுனியில் வண்ணம் எடுத்து ஓரிடத்தில் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வண்ணம் தானே வேர்விட்டுப் பரவும். அடுத்த நிறத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள், இரண்டும் போய்ச் சந்திக்கும் இடத்தில் நீங்கள் திட்டமிடாத ஒரு மூன்றாவது நிறம் வரும். இங்கே செய்ய வேண்டிய கடினமான காரியம் சும்மா இருப்பது. பிரஷ்ஷை விட்டுக் கிளறக் கிளற அழகு போய்விடும். மினுமினுப்பு மங்கும் நேரத்தில் கல்லுப்பு கொஞ்சம் தூவினால் ஒவ்வொரு கல்லும் ஈரத்தை உறிஞ்சிப் பனிப்பூ போல் தடம் விடும், காய்ந்தபின் உதறிவிடலாம். நனைக்கும் முன்பே மெழுகுவர்த்தியாலோ வெள்ளை ஆயில் பேஸ்டலாலோ கோடு போட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் வண்ணம் ஒட்டாமல் விலகி ஓடும். 1952-இல் ஹெலன் ஃபிராங்கன்தாலர் என்ற அமெரிக்க ஓவியர் நீர்க்கத் தளர்த்திய வண்ணத்தைத் தரையில் விரித்த கேன்வாஸின் மேல் ஊற்றி ஊறவிட்டு ஓவியம் செய்தார், வண்ணத்தைத் தன் போக்கில் விடுவது பெரிய ஓவியர்களும் நம்பிய வழிதான்.

இசை வேண்டுமென்றால் சொற்கள் இல்லாத இசையாக இருக்கட்டும். பாட்டின் வரிகள் கவனத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். போன் வேறு அறையில் இருக்கட்டும், படம் எடுத்துப் பகிர வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டாலே கை இறுகத் தொடங்கும்.

நடுவில் வரும் சலிப்பு

ஏறக்குறைய எல்லாப் படங்களும் நடுவில் ஒரு கட்டத்தில் அசிங்கமாகத் தெரியும். வெள்ளை முழுக்கப் போயிருக்கும், ஆனால் எதுவும் கூடி வந்திருக்காது. கிழித்துப் போடத் தோன்றுவது அப்போதுதான். தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். தன்னுடைய ஓவியம் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருந்ததை மங்கிய வெளிச்சத்தில் பார்த்த கான்டின்ஸ்கி என்ற ரஷ்ய ஓவியர், அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர், அது தன்னுடையது என்றே தெரியாமல் அதன் அழகில் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறார். எது என்ன என்று தெரியாதபோது நிறமும் வடிவமும் மட்டும் கண்ணில் படும், அதனால்தான் திருப்பச் சொல்கிறேன். திருப்பியும் பிடிக்கவில்லையா, சரி, பிடிக்காத பகுதியின் மேல் ஒரே நிறத்தில் பெரிய திட்டாகப் பூசிவிடுங்கள். கண்ணுக்கு ஓய்வெடுக்க ஓர் இடம் கிடைத்ததும் மற்றவை நிதானத்துக்கு வரும்.

திட்டுகளுக்கு நடுவே முகமோ பறவையோ தெரிந்தால் அதைக் கண், மூக்கு வைத்து முழுமையாக்கப் போகாதீர்கள். அந்த நிமிடமே 'சரியாக இருக்கிறதா' என்ற கேள்வி திரும்பி வந்துவிடும்.

எப்போது நிறுத்துவது? நேரம் முடிந்ததும். 20 நிமிடம் என்று வைத்திருந்தால் 20 நிமிடம், படம் முடிந்ததா என்பது இங்கே முக்கியமில்லை. பாதியில் நின்றது நாளைக்கு உட்காரச் சுலபமான காரணமாக இருக்கும், காய்ந்த தாளின் மேல் அடுத்த அடுக்கைத் தொடரலாம். வாரம் ஒருமுறை மூன்று மணி நேரத்தைவிட இரண்டு நாளைக்கு ஒருமுறை இப்படிக் கொஞ்ச நேரம் உட்காருவது நல்லது என்பது என் கருத்து, கை அந்த நிலைக்குச் சீக்கிரம் போகப் பழகிவிடும்.

அப்புறம், முடிந்த படத்தை அன்றே எடைபோடாதீர்கள். பின்பக்கம் தேதியும், உட்கார்ந்தபோது எப்படி இருந்தது என்று ஒரு சொல்லும் எழுதி எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு பார்க்கும்போது, இரண்டு எல் வடிவ அட்டைகளைச் சட்டம்போல் கோத்துப் படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள், மொத்தமாகப் பிடிக்காத தாளிலும் ஒரு கை அகலத்துக்கு அருமையான பகுதி இருக்கும், அதை மட்டும் வெட்டி வாழ்த்து அட்டையாகவோ புத்தகக் குறியாகவோ வைத்துக்கொள்ளலாம். அடுக்கி வைக்கும்போது தாள்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வையுங்கள். அக்ரிலிக் பூசிய பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆயில் பேஸ்டல் எத்தனை நாளானாலும் முழுதாகக் காயாது, மேலே உள்ள தாளின் முதுகில் அப்படியே அப்பிவிடும்.