போதிதர்மர் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தாரா? கதை சறுக்கும் இடங்கள்

"குங்ஃபூவே நம்ம காஞ்சிபுரத்து ஆளு கண்டுபிடிச்சதுதான்." சீனாவுக்குப் போன பௌத்தத் துறவி போதிதர்மரைத்தான் சொல்கிறார்கள். 2011-ல் ஒரு சினிமா வந்த பிறகு இந்தப் பேச்சு எழாத டீக்கடை இல்லை. பெருமையாகத்தான் இருக்கிறது, எனக்கும். ஆனால் கதையை வரலாறாக எழுதும்போது சில இடங்களில் வழுக்கி விழுகிறோம்.

குங்ஃபூவுக்குப் பேர்போன சீனத்துப் பௌத்த மடமான ஷாவோலினைக் கட்டியவர் போதிதர்மர் என்று எழுதாதீர்கள். ஹெனான் மாகாணத்துச் சோங் மலையில் கி.பி. 495 வாக்கில் பேரரசர் ஷியாவோவென் அதை எழுப்பியது பாதுவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக.

அடுத்தது 'யிஜின் ஜிங்'. போதிதர்மர் எழுதிய குங்ஃபூ நூல் என்று இதைத்தான் ஆதாரமாக நீட்டுவார்கள். அது 1624-ல் எழுதப்பட்டது. உடம்பை இறுக்கும் பயிற்சிகள்தான் அதில் உண்டு, சண்டை முறை கிடையாது. 628-ல் லி ஜிங் என்ற தளபதி எழுதியதாக ஒரு முன்னுரையும் இருக்கிறது. நூலைத் தனக்குக் கொடுத்தவன் ஒரு தாடிக்கார வீரன் என்கிறார் தளபதி. அந்த வீரனோ பழைய சீனக் கதையொன்றில் வரும் கற்பனைப் பாத்திரம்! 18-ஆம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்ற அறிஞர், இது யாரோ ஒரு பட்டிக்காட்டு வாத்தியார் வேலை என்று கேலி செய்துவிட்டார்.

சரி, ஷாவோலின் துறவிகள் யாரைத் தங்கள் ஆதி குருவாகச் சொன்னார்கள்? மிங் வம்ச காலத்தில் (14 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை) அவர்கள் பேர்பெற்றது கம்புச் சண்டையில். அதற்கு அவர்கள் சொன்ன பெயர் கின்னர ராஜா; நம் புராணத்துக் கின்னரர்தான். செந்தலைப்பாகைக் கலகக்காரர்கள் மடத்தைச் சூழ்ந்தபோது, அடுப்படியில் வேலை பார்த்த ஒருவர் தீ தள்ளும் கோலோடு அடுப்புக்குள் பாய்ந்து, மலைக்கு மலை கால் வைத்து நிற்கும் பேருருவாக வெளியே வந்தாராம். கலகக்காரர்கள் ஓட்டம். இந்தச் சமையல்காரரை விட்டுவிட்டு ஷாவோலின் கதை சொல்வது பெரிய நஷ்டம்.

மடத்துத் துறவிகள் போர்க்களம் போனது வெறும் கதையல்ல. 621-ல், பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமின் பக்கம் நின்று உதவிய பதின்மூன்று பேரின் பெயர்கள் 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ளன. கைச்சண்டை அதற்கும் மூத்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹான் வம்ச காலத்து நூற்பட்டியலிலேயே அதற்கு ஆறு அத்தியாய நூல் ஒன்று உண்டு.

போதிதர்மர் 'பல்லவ இளவரசர்' என்பதையும் அடித்துச் சொல்லாதீர்கள். அவருடைய சீடராகச் சொல்லப்படும் தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். 645-ல் துறவிகளின் வரலாற்றை எழுதிய தாவோஷுவான், தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். காஞ்சியும் பல்லவரும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

அதற்காக ஆளே இல்லை என்று எதிர்ப்பக்கம் பாயவும் வேண்டாம். 547-ல், லோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி நூல் எழுதிய யாங் ஷுவான்ஷி அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். யாங் கணக்கில் போதிதர்மர் பாரசீகர், வயது 150. லோயாங் நகரத்து யோங்நிங் கோபுரத்தின் பொன் தகடுகள் வெயிலில் மின்னுவதைப் பார்த்துச் சொக்கிப்போய், கைகூப்பியபடி நாள்கணக்கில் "நமோ, நமோ" என்று சொல்லிக்கொண்டு நின்றாராம் அந்தக் கிழவர்.