பழைய கார் பாடிக்கு ஈயம் நிரப்பும் முறை

1950-களின் முற்பகுதியில் அமெரிக்க வியாபாரி ஏர்ல் மன்ட்ஸ் தயாரித்த மன்ட்ஸ் ஜெட் காரில் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை, கிடையாது. தகடுகளைப் பொருத்தி, இணைப்புகளில் ஈயம் நிரப்பி, அரம் போட்டே சமப்படுத்தினார்கள். அந்தக் கூலியே ஒரு காருக்கு 2,000 டாலரைத் தாண்டியது என்று மன்ட்ஸ் பின்னாளில் சொன்னார். சுமார் 5,500 டாலருக்கு விற்ற காரில் ஏறத்தாழ 1,000 டாலர் நஷ்டம். வியாபாரத்துக்கு ஒத்துவராத முறைதான். ஆனால் சென்னைக் கடலோரம் காசிமேடு, எண்ணூர் பக்கம் அம்பாசடரோ பியட்டோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. விரிசல் விட்ட பட்டிக்குள் ஈரமும் உப்பும் இறங்கினால் அடியில் துரு பரவும், மேலே பெயிண்ட் கொப்பளிக்கும். ஈயம் இரும்போடு ஒட்டி நிற்கும்.

வாங்க வேண்டியது 30 சதவீதம் வெள்ளீயம், 70 சதவீதம் காரீயம் கலந்த கம்பி. இது 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 255 டிகிரி வரை களிபோல் இருக்கும், அந்த நிலையில்தான் உருவம் கொடுக்க முடியும். ரேடியோ பற்றவைக்கும் கம்பி சட்டென்று உருகி வழிந்துவிடும். 10 சென்டிமீட்டர் சதுரத்தில் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும்.

முதலில் டிங்கரிங்கில் பள்ளத்தை முடிந்தவரை எடுத்துவிடுங்கள். ஓட்டையை ஈயத்தால் அடைக்கக் கூடாது, தகடு வெட்டி வெல்டிங் செய்யுங்கள். உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, சுற்றிலும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள்.

அடுத்தது முலாம். பெரும்பாலான வேலை கெடுவது இங்கேதான். பிளக்ஸ் (இரும்பைச் சுத்தமாக்கி ஈயம் பிடிக்க உதவும் அமிலப் பொருள்) கலந்த வெள்ளீயப் பேஸ்ட்டைத் தடவி, மென்மையான தீயால் சூடேற்றி, பருத்தித் துணியால் துடையுங்கள். முழுப் பரப்பும் வெள்ளிபோல் மின்ன வேண்டும். கருப்புப் புள்ளி இருந்தால் அங்கே ஈயம் பிடிக்காது, பின்னாளில் பெயர்ந்து வரும். திரும்பவும் சுரண்டிச் செய்யுங்கள்.

பிறகு கம்பியை இளக்கி அப்பி, மாட்டுக்கொழுப்போ தேன்மெழுகோ தடவிய மரத்தட்டால் பரப்புங்கள். தீயை ஒரே இடத்தில் நிறுத்தினால் தகடு நெளியும், கதவு, பானெட் போன்ற அகலப் பரப்பில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. பெட்ரோல் டேங்க் பக்கம் என்றால் அதைக் கழற்றி அப்புறப்படுத்திய பிறகே தீயைக் கொண்டுவாருங்கள்.

ஆறியதும் அரம் மட்டும் போடுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், காரீயத் தூள் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். மாஸ்க் அணிந்து, ஈரச் செய்தித்தாள் விரித்து, விழும் தூளை அப்படியே மடித்து எடுங்கள். கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

முதலில் வந்த சில மன்ட்ஸ் ஜெட் கார்களைப் போல அலுமினியத் தகடு என்றால் இந்த முறை ஆகாது.

கடைசியாக, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவி பிளக்ஸின் அமிலத்தைப் போக்குங்கள், மிச்சம் இருந்தால் பெயிண்ட் கொப்பளிக்கும். நல்ல தண்ணீர் விட்டு அலசி, நன்றாகக் காயவைத்து, அன்றே எப்பாக்ஸி பிரைமர் அடியுங்கள். கடற்காற்றில் வெறும் இரும்பு ஓரிரவிலேயே துருப் பூத்துவிடும்.