நாற்பதைத் தாண்டிய ஜிம் பயிற்சியாளர் தொழிலையும் உடலையும் காத்துக்கொள்வது எப்படி?

ஜிம் பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் தம் உடற்கட்டின் பலத்திலேயே வேலைக்குச் சேர்கிறார்கள். நாற்பதைத் தாண்டும்போது மூட்டுகள் முனகத் தொடங்கும். அதே ஜிம்மில் இளம் பயிற்சியாளர்களிடம் வாடிக்கையாளர்கள் போவதும் கண்ணில் படும். அந்தக் கட்டத்தில் தொழிலையே விட்டுவிடும் திறமைசாலிகள் பலர் என்பது வருத்தத்துக்குரியது. ஏனெனில் முதியவர்களுக்குப் பயிற்சி தருவதற்கு வேண்டிய பொறுமையும், ஒருவர் நடந்து வரும் விதத்திலேயே அவருடைய குறையைக் கண்டுகொள்ளும் பார்வையும் அந்த வயதில்தான் கைகூடுகின்றன.

முதலில் உங்கள் உடலுக்கு வருவோம். ஒரு வேலைநாளில் நீங்கள் செய்யும் சில்லறை வேலைகளைக் கவனித்துப் பாருங்கள். உடலைச் சூடேற்றாமலேயே ஒவ்வொருவருக்கும் ஸ்குவாட் (முழங்காலை மடக்கிக் குந்தி எழுதல்) செய்து காட்டுகிறீர்கள். தரையில் கிடக்கும் 20 கிலோ தட்டை முதுகை வளைத்து, இடுப்பைத் திருப்பி எடுத்துப் பார்பெல் எனும் நீள எடைக் கம்பியில் மாட்டுகிறீர்கள். பெஞ்சில் படுத்திருப்பவருக்குக் குனிந்து டம்பெல் எடுத்துக் கொடுக்கிறீர்கள். தரையிலிருந்து கனத்த எடையைத் திட்டமிட்டுத் தூக்கும் டெட்லிஃப்ட்டைவிட இந்தக் கணக்கில் வராத தூக்கல்களுக்கே நான் அதிகம் அஞ்சுவேன். ஆகவே, புதிய பயிற்சியை ஒரே ஒரு முறை எடையில்லாமல் செய்து காட்டிவிட்டு, பிறகு சொல்லாலும், அனுமதி கேட்டுத் தொட்டுத் திருத்துவதாலும் நடத்துங்கள். தட்டுகளை இடுப்பளவு உயரத்தில் அடுக்கி, வாடிக்கையாளரே எடுத்து மாட்டப் பழக்குங்கள். செய்து காட்டியதையெல்லாம் உங்கள் சொந்தப் பயிற்சியாகக் கணக்கில் சேர்க்காமல், வாரத்தில் இரண்டு மூன்று நாட்களை அதற்கென்று தனியே ஒதுக்குங்கள்.

உறக்கம்தான் இத்தொழிலின் பெரிய ஓட்டை. இரவு 10 மணிக்குக் கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு அதிகாலை 5 மணிக்குத் திரும்பக் கதவைத் திறப்பவருக்கு, பெரியவர்களுக்குத் தேவையான ஏழு மணி நேரத் தூக்கம் எந்த வகையிலும் கிடைக்காது. இரவு நேர வகுப்பைத்தான் விட வேண்டும் என்பது என் கருத்து. அந்த வருமானத்தை ஈடுகட்டும் வழி முதியவர்களிடமே இருக்கிறது: பணி ஓய்வு பெற்றவர்களால் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும், ஜிம் காலியாகக் கிடக்கும் வேளையில் வர முடியும். முதியவர்களின் பக்கம் தொழிலின் திசையை மாற்றுவது இப்படி உங்கள் உறக்கத்தையும் மீட்டுத் தருகிறது.

உணவில் கவனிக்க வேண்டியது புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்று வல்லுநர் குழுக்கள் கூறுகின்றன. இட்லியும் சட்னியும் மட்டுமான காலை உணவோடு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ப்பது எளிய தொடக்கம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இனி தொழில் மாற்றம், அதாவது முதியவர்களுக்கான பயிற்சிக்குத் திரும்புவது. அமெரிக்காவில் ஜாக் லாலேன் 1936இல் ஓக்லண்டில் ஜிம் திறந்தவர். 1951 முதல் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டில் கிடக்கும் ஒரு நாற்காலியை வைத்தே பயிற்சி சொல்லிக் கொடுத்தார். 2011இல் தம் 96ஆம் வயதில் மறையும் வரை உடற்பயிற்சித் துறையின் முகமாக இருந்தார். நீங்களும் நாற்காலியிலிருந்தே தொடங்குங்கள். ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் வாடிக்கையாளரால் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரையுள்ள ஆண்கள் 12 முறைக்கும், பெண்கள் 11 முறைக்கும் குறைவாகச் செய்தால், அவர்கள் கீழே விழும் அபாயம் கூடுதலாக உள்ளவர்கள் எனக் கொள்ளலாம்.

எண்ணிக்கையைவிட எழும் விதம் அதிகம் சொல்லும். கை தானாகத் தொடையை ஊன்றப் போகிறதா, முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா, உடல் ஒரு காலின் பக்கமே ஒதுங்குகிறதா என்று பாருங்கள். அமரும்போது கடைசி நான்கு விரற்கடை தூரத்தில் ‘தொப்’பென்று விழுகிறவருக்குத் தொடைத் தசையில் கட்டுப்பாடு போதவில்லை; அவருக்கு மூன்று எண்ணும் வரை மெதுவாக அமர்வதே முதல் மாதப் பயிற்சி.

பயிற்சிக்கு முன் மாத்திரைகளைப் பற்றி அவசியம் கேளுங்கள். பீட்டா பிளாக்கர் எனும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை உட்கொள்பவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது; எனவே உச்ச நாடித்துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அவருக்குப் பொருந்தாது. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்குவதே அவருக்கான மிதமான வேகம். இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வரக் கூடாது. கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் அழுத்தம் சட்டென்று எகிறும். எண்ணிக்கையை அவரையே வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் மூச்சை அடக்க வழியிருக்காது. நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அன்றைய வகுப்பை நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் உங்கள் வேலை. நோயைக் கணிப்பதும் மாத்திரையை மாற்றச் சொல்வதும் உங்கள் வேலையில்லை.

65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாட்களாவது தசை வலுப் பயிற்சியும், மூன்று நாட்களாவது சமநிலைக்கு முதலிடம் தரும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நாற்காலியிலிருந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தண்டால், ரப்பர் பட்டையை இழுத்தல், குதிகால் உயர்த்தல், இரு கைகளிலும் பையைத் தூக்கி நடத்தல், தரையில் அமர்ந்து எழுதல் ஆகியவை போதும். ஆனால் வயதானவர் என்பதற்காகக் காலமெல்லாம் ஒரு கிலோ டம்பெல்லிலேயே நிறுத்தி வைப்பது அவருக்குச் செய்யும் அநீதி. 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதான ஒன்பது பேர் எட்டு வாரம் கடுமையான எடைப் பயிற்சி செய்து, கால் வலிமையைச் சராசரியாக 174 சதவீதம் கூட்டிக்கொண்டார்கள்.

கட்டணத்தைத் தனி நபருக்கு ஒன்றாகவும், நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு இன்னொன்றாகவும் வையுங்கள். குழுவில் சேர்பவர்கள் ஒருவரையொருவர் தேடி வருவதால் பாதியில் நிற்பது குறைவு. அருகிலுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரோடு பழக்கம் வைத்துக்கொண்டு, அவர் அனுப்புபவரின் முன்னேற்றத்தை ஒரு பக்கத்தில் எழுதி அவருக்கே அனுப்புங்கள். விளம்பரத்தைவிட அந்தத் தாள் அதிகம் பேரைக் கொண்டுவரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் நாற்காலிச் சோதனையைத் திரும்ப நடத்தும்போது உங்கள் எண்ணிக்கையையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள். அது தொடர்ந்து இரண்டு முறை இறங்கியிருந்தால், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன்பு தூங்கிய நேரத்தையும் எடுத்த வகுப்புகளையும் சரிபாருங்கள்.