பேஸ் குமிழைத் திருகுவதற்கு முன்: காம்போ ஆம்பில் நாம் செய்யும் தவறுகள்

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் பங்குனிப் பொங்கல் கச்சேரி. மந்தையில் பலகை மேடை, பின்னால் தகரத் தட்டி. நான் வாசிப்பது பேஸ் கிட்டார். என்னிடம் இருந்தது 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள 100 வாட் காம்போ, அதாவது ஆம்ப்ளிஃபையரும் (ஆம்ப்) ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். “தம்பி, கும்முனு சத்தந்தான் வருது. நீ எந்தச் சுரத்துல நிக்கிறேன்னே தெரியல.” சத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அடிச்சுரத்தைக் கூட்டும் பேஸ் குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். காலுக்கடியில் பலகை அதிர்ந்தது. அடுத்த பாட்டில் பாடகிக்குச் சுருதி பிடிபடாமல் ஒரு சரணமே தடுமாறிப் போனது.

இடைவேளையில் அண்ணன் எழுந்து வந்தார். பேஸ் குமிழை இறக்கினார், நடுச்சுரத்துக்கான மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றினார், தரையில் இருந்த ஆம்பைத் தூக்கி ஒரு மர பெஞ்சில் வைத்தார். வால்யூமைத் தொடவே இல்லை. மறுபடி வாசித்தபோது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக என் காதில் விழுந்தது. அதே கிட்டார், அதே ஆம்ப், அதே விரல்.

மதுரையைச் சுற்றி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று கல்யாண மண்டபமும் கோயில் கொடையுமாக எத்தனையோ மேடை ஏறியாகிவிட்டது. புதிதாகக் காம்போ வாங்கிய தம்பிகள் “டோன் வரலண்ணே, ஆம்பை மாத்திரவா?” என்று கேட்கும்போதெல்லாம் அந்த மர பெஞ்சுதான் எனக்கு ஞாபகம் வரும். ஆம்பை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. குமிழ்கள் இருக்கும் நிலையும் பெட்டி இருக்கும் இடமும் மாறினாலே போதும்.

முதல் தவறு அன்றைக்கு நான் செய்ததுதான்: தெளிவு இல்லை என்றால் பேஸை ஏற்றுவது. பேஸ் கிட்டாரின் அடி ஈ கம்பியைத் திறந்து வாசித்தால் அதன் அடிப்படை அதிர்வு நொடிக்கு 41 தடவை, அதாவது 41 ஹெர்ட்ஸ். 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்னப் பெட்டியால் அந்த 41-ஐ முழுசாகத் தர முடியாது. ஆனாலும் நமக்கு அந்தச் சுரம் கேட்கிறது. எப்படி? கம்பி அதிரும்போது 82, 123 என்று அதன் மடங்குகளும் கூடவே பிறக்கின்றன. காது அவற்றைப் பிடித்துக்கொண்டு, இல்லாத 41-ஐத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. “இது ஈ, இது எஃப்” என்று பிரித்துக் காட்டும் தெளிவு அதற்கும் மேலே, 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள மிட் பகுதியில் இருக்கிறது. பேஸ் குமிழோ பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்கிறது. அதை 12 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் 16 மடங்கு சக்தி கொடுத்தாக வேண்டும். 100 வாட் பெட்டி எங்கே போகும்? ஸ்பீக்கரில் அதிரும் கோன் வெளியே தள்ளி உள்ளே இழுத்துத் திணறும். அந்தத் திணறலில் மேலே இருக்கிற தெளிவும் சேர்ந்து கலங்கிவிடும்.

வீட்டில் மெதுவாக வைத்து டோன் செய்துவிட்டு அதே நிலையில் மேடைக்குக் கொண்டுபோவது இதன் உடன்பிறப்பு. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடிச்சுரம் சரியாக எட்டாது. 1933-லேயே ஃப்ளெட்சர், முன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் ராத்திரி பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்கும்போது பேஸை ஏற்றினால்தான் நிறைவாக இருக்கும். அதே நிலையில் மண்டபத்தில் வால்யூமைத் திறந்தால் காது அடிச்சுரத்தை முழுசாகக் கேட்க ஆரம்பிக்கும். ஏற்றிவைத்ததும் அதோடு சேர்ந்துகொள்ளும். வீட்டு நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துவைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அக்கறை நல்லதுதான். ஆனால் குறிக்க வேண்டிய நிலை மேடையில் கிடைப்பது.

பேஸும் உச்சச்சுரத்துக்கான ட்ரெபிளும் மேலே, மிட் கீழே என்று வைக்கும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தனியாக வாசிக்கும்போது அது அவ்வளவு இனிமையாக இருக்கும். கடையில் வாங்கப்போனால் பலரும் அப்படித்தான் வைத்துக் காட்டுவார்கள். ‘கான்டூர்’, ‘ஷேப்’ என்று ஆம்பில் இருக்கும் பொத்தான்கள் பலவும் செய்வது இதையேதான். குழுவோடு உட்கார்ந்ததும் அந்த டோன் காணாமல் போய்விடும். நம் மெல்லிசை மேடையை நினைத்துப் பாருங்கள். கீழே டோலக்கின் இடது பக்கம், தபேலாவின் இடது பக்கம், எலக்ட்ரானிக் பேடில் தட்டும் கிக் டிரம், போதாதற்குக் கீபோர்டுக்காரரின் இடக்கை. மேலே சிம்பல், சலங்கை, புல்லாங்குழல். அடியிலும் உச்சியிலும் இத்தனை பேர் நெரிசலாக நிற்கும்போது பேஸ் கிட்டாருக்கு மிஞ்சுவது நடுவில் இருக்கும் இடம்தான். அதையும் நாமே வெட்டி எறிந்துவிட்டால் எங்கே போய் நிற்பது?

நம் பக்கத்துக்கு இது இன்னும் முக்கியம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இன்றைக்குத் தேனி மாவட்டம். அவர் பிறந்த 1943-இல் அது மதுரை மாவட்டம். அவர் எழுதிய பேஸ் வரிகள் தாளத்துக்குத் துணையாகக் கும்கும் என்று ஒலித்துவிட்டுப் போகிறவை அல்ல. பாட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டாக ஓடுகிறவை. இங்கே மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த வரிகள் வாயிலேயே வரும். அது கேட்காமல் போனால் பாட்டில் ஏதோ குறைவதாக அவர்களுக்குத் தெரிந்துவிடும். மிட் இல்லாத ஆம்பில் அந்த மெட்டு வெறும் அதிர்வாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு அது பொறுக்காது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? எல்லாக் குமிழையும் கடிகார முள்போல 12 மணியில் நிறுத்துங்கள், கான்டூர் பொத்தானை அணையுங்கள். இன்றைய காம்போக்களில் பெரும்பாலும் இதுதான் எதையும் கூட்டாத, குறைக்காத நிலை. பழைய பாணி ட்யூப் ஆம்ப்கள் சிலவற்றில் 12 மணி என்பதே மிட் குழிந்த நிலையாக இருக்கும், அங்கே மிட்டை நன்றாக ஏற்ற வேண்டும். அப்புறம் குழுவோடு ஒரு பாட்டு முழுக்க வாசியுங்கள். கும்மென்று பரவினால் பேஸைப் பத்து மணிக்கு இறக்குங்கள். கொழகொழவென்று இருந்தால், லோ மிட் குமிழ் தனியாக இருக்குமானால் 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் குறையுங்கள். சுரம் புரியவில்லை என்றால் 500 முதல் 800 வரை கொஞ்சம் கூட்டுங்கள். கம்பி டக்டக்கென்று அடிப்பது மட்டும் துருத்திக்கொண்டு கேட்டால் ட்ரெபிளை இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு குமிழ்தான். இரண்டைச் சேர்த்துத் திருகினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கெயினையும் மாஸ்டர் வால்யூமையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. கெயின் என்பது கிட்டாரிலிருந்து எவ்வளவு உள்ளே விடுகிறோம் என்பது, மாஸ்டர் எவ்வளவு வெளியே விடுகிறோம் என்பது. கச்சேரியில் வேகம் பிடிக்கும்போது எவ்வளவு அழுத்தி வாசிப்பீர்களோ அவ்வளவு அழுத்தி வாசித்துக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். அளவு மீறும்போது எரியும் கிளிப் விளக்கு கண் சிமிட்டும் இடத்தில் கொஞ்சம் பின்வாங்குங்கள். அதற்குமேல் தேவையான சத்தத்துக்கு மாஸ்டர். பேட்டரி போட்ட ஆக்டிவ் கிட்டார் என்றால் ஆக்டிவ் ஜாக்கில் செருகுங்கள். ஒரே ஜாக் இருந்தால் பக்கத்தில் உள்ள, உள்ளே வரும் அளவைக் குறைக்கும் பேட் பொத்தானை அமுக்குங்கள். வாசிக்காதபோது கேபிளைக் கிட்டாரிலிருந்து உருவிவையுங்கள். செருகியே வைத்திருந்தால் 9 வோல்ட் பேட்டரி ஓய்வில்லாமல் தீர்ந்துகொண்டே இருக்கும். தீரும் பேட்டரி கொடுக்கும் கரகரப்பை ஆம்ப் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கிடம் போனவர்களைத் தெரியும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் யாருமே கவனிக்காத விஷயம். அடிச்சுரம் எல்லாப் பக்கமும் பரவும். மேல்சுரங்கள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். தரையில் இருக்கும் ஆம்பிலிருந்து மூன்றடி தள்ளி நின்றால் அந்த வெளிச்சம் உங்கள் முழங்காலில் விழுகிறது. காதுக்குத் தெளிவு வருவதில்லை. உடனே ட்ரெபிளை ஏற்றுவீர்கள். பத்தாவது வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது நேராகக் காதில் குத்தும். பெட்டியை உங்கள் காதைப் பார்த்து மல்லாக்கச் சாய்த்து வையுங்கள், இல்லை உறுதியான மர பெஞ்சில் ஏற்றுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் வேண்டாம், கனம் தாங்காது. உள்ளே கூடாக இருக்கும் பலகை மேடையில் ஆம்பைத் தரையிலேயே வைத்தால் மேடையும் டோலக் மாதிரி சேர்ந்து முழங்கும். பெஞ்சு அதைத்தான் தடுக்கிறது.

சுவரும் ஒரு குமிழ்தான். மூலையில் ஒட்டிவைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடிச்சுரத்தைப் பெருக்கும். சின்னப் பெட்டிக்கு அது சில சமயம் நல்லது, எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் தொல்லை. சுவரிலிருந்து நாலடி தள்ளி வைத்தால் வேறு ஒரு விசித்திரம் நடக்கும். பின்னால் போய்த் திரும்பி வரும் அலையும் முன்னால் போகும் அலையும் 70 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துபோகும். திறந்த டி கம்பி 73 ஹெர்ட்ஸ். மற்ற சுரமெல்லாம் இருக்க டி மட்டும் செத்துக் கிடந்தால் கிட்டாரைச் சந்தேகப்படுவதற்கு முன் ஆம்பை ஓர் அடி நகர்த்திப் பாருங்கள்.

வலக்கை இருக்கும் இடத்தை மறந்துவிடுகிறோம். அடி ஈ கம்பியைக் கழுத்து முடியும் இடத்தில் மீட்டுங்கள், பிறகு கம்பிகள் உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் பக்கம் மூன்று அங்குலம் நகர்ந்து அதே அழுத்தத்தில் மீட்டுங்கள். முதலில் வருவது உருண்டையான சத்தம், இரண்டாவது கெட்டியான, முனையுள்ள சத்தம். இந்த வித்தியாசத்தை எந்தக் குமிழாலும் அப்படியே கொண்டுவர முடியாது. 1960-களில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே அத்தனையும் மீட்டினார். மேலே சுற்றிய இழை தட்டையாக, வழவழப்பாக இருக்கும் தட்டைச் சுற்றுக் கம்பிகளை மாற்றாமல் வருஷக்கணக்கில் வைத்திருப்பார். அந்த மங்கலான கம்பி அவருடைய டோனில் ஒரு பாகம். நம்மில் பலர் போடுவது உருண்டைச் சுற்றுக் கம்பி. அது சித்திரை வெயிலில் கை வியர்வை இறங்கிய ஒரே மாதத்தில் பொலிவு இழந்துவிடும். போன பொலிவை ட்ரெபிள் குமிழில் தேடினால் இரைச்சல்தான் கிடைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துண்டால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு துடைத்துவிடுங்கள்.

இரைச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர்க் கரண்டின் அதிர்வு 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது கட்டில் (ஃப்ரெட்) வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஆம்பில் ஹம், அதாவது கரண்டால் வரும் ரீங்காரம், இருக்கும்போது அந்த ஜி-யைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள், நொடிக்கு ஒரு தடவை வீங்கி வீங்கி அடங்கும். கிட்டார் சுருதி விலகியதாக நினைத்து மேடையிலேயே ட்யூனரைத் தேடுகிறவர்கள் உண்டு. கோளாறு சுருதியில் இல்லை, கரண்டில். திருவிழாவில் சீரியல் செட் வயரும் கிட்டார் கேபிளும் ஒரே கம்பத்தில் பின்னிக் கிடக்கும். பிரித்துப் போடுங்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகப் போகட்டும். ஆம்பும் மிக்சரும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும். பிறகும் ஹம் இருந்தால் கிட்டார் சத்தத்தை மிக்சருக்கு நேராக அனுப்பும் டிஐ பாக்ஸில், சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அமுக்குங்கள். மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை, அதுதான் எர்த், ஒடித்துவிட்டோ டேப் சுற்றியோ செருகவே செருகாதீர்கள். ஹம் நிற்கிறது என்று சிலர் அதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். ஆம்பில் கரண்ட் கசிந்தால் அது கிட்டார் கம்பி வழியாக உங்கள் கைக்கு வரும். மறு கை மைக் ஸ்டாண்டைத் தொட்டால் நெஞ்சு வழியாகப் பாயும். இந்த ஒன்றில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கூடுதல் ஸ்பீக்கர் பெட்டி இணைப்பவர்கள் ஓம் கணக்கைப் பாருங்கள். உள்ளே 8 ஓம், வெளியே 8 ஓம் என்றால் இரண்டும் சேர்ந்து 4 ஓம். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருக்கும். இணைப்பதும் ஸ்பீக்கர் கேபிளாக இருக்கட்டும், கிட்டார் கேபிள் அதற்கு ஆகாது.

பெரிய மந்தைக்கு காம்போவை மட்டும் நம்புவதும் தவறு. வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சூண்டு கூடுதல். டிஐ வழியாக மைக் செட்டுக்கு அனுப்பிவிட்டு ஆம்பை உங்கள் குழுவுக்கு மட்டும் கேட்கும்படி வையுங்கள். டிஐ-யில் ப்ரீ, போஸ்ட் என்று பொத்தான் இருந்தால் ப்ரீ பக்கம், அதாவது குமிழ்களுக்கு முன்னால் எடுக்கும் பக்கம், தள்ளுங்கள். மேடைப் பலகைக்காக நீங்கள் குறைத்த பேஸ், மைக் செட்டின் 18 அங்குலப் பெட்டிகளில் குறையத் தேவையில்லை. மிக்சர்காரரிடம் 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்.

கூட்டம் வருவதற்கு முன், சாயங்காலம் ஆறு மணிக்கு, கிட்டாரைக் குழுவில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஈ கம்பியிலிருந்து ஜி கம்பி வரை ஒவ்வொரு கட்டாக நிதானமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, கடைசி வரிசை நாற்காலி வரைக்கும் நடந்து போங்கள். அங்கே நின்று, எந்தச் சுரம் எட்டாமல் போகிறது என்று கேளுங்கள்.