தமிழகத் தொழிலாளரையும் வங்காளதேசத் தொழிலாளரையும் சிங்கப்பூரில் ஒப்பிடுவது எப்படி

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்ததுமே ஒரு சிக்கல். அதன் இனவாரி அட்டவணைகளில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே உண்டு. ஒர்க் பெர்மிட்டில் (தற்காலிக வேலை அனுமதியில்) இருப்பவர்கள் இல்லை. மேலும், அங்கே 'இந்தியர்' என்ற பிரிவுக்குள் தமிழர், மலையாளி, பஞ்சாபியோடு வங்காளதேசத்தவரும் அடக்கம். ஆகவே அந்த எண்ணை வைத்து இந்த இருவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நேரில் கேட்பதுதான் வழி.

இரு பக்கமும் ஒரே துறை, ஒரே அனுபவ ஆண்டுகள் உள்ளவர்களாக எடுங்கள். இல்லாவிட்டால் கப்பல் பட்டறைக்காரரையும் துப்புரவுக்காரரையும் ஒப்பிட்டுவிட்டு நாட்டின் மேல் பழி போடுவோம்.

"சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் ஒருவர் ஓவர்டைம் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் சேர்க்காமல் சொல்வார். ஐபிஏ கடிதத்தை, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, காட்டச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் மூன்றும் தனித்தனியாக இருக்கும். சம்பளச் சீட்டோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். அடிப்படை மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால், 800×12-ஐ 52×44-ஆல் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்) வகுக்க மணிக்கு சுமார் 4.20, ஓவர்டைம் அதில் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 6.30.

அடுத்து ஏஜென்ட் கடன். இங்குள்ள ஏஜென்சி வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு இரண்டு மாதச் சம்பளம். ஊரில் கொடுத்த பணம் அதில் வராது. அதைத் தனியாக, வட்டியோடு கேட்டு, எத்தனை மாதச் சம்பளம் என்று மாற்றி எழுதுங்கள். ரூபாயையும் வங்காளதேசப் பணமான டாக்காவையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒன்றும் புரியாது.

ஞாயிறு மாலை இவர்கள் கூடும் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலும் லெம்பு ரோட்டிலும் மட்டும் கேட்டால், அன்றும் வேலைக்குப் போனவர்கள் விடுபட்டுப் போவார்கள். வார நாள் இரவில் தங்குவிடுதிப் பக்கமும் போக வேண்டும்.