டெஸ்ட் சேர்வரில் பார்த்த பொதியே புரொடக்‌ஷனுக்கும் போவதற்கு

ஹட்டனிலுள்ள எங்கள் சிறிய அலுவலகம் சில தோட்டங்களின் செக்ரோலையும் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு) கொழுந்து நிறையையும் கணினியில் பதிந்து வருகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, சோதித்துப் பார்ப்பதற்கான டெஸ்ட் சேர்வரை, மென்பொருட்களை நிறுவும் ஆப்ட் கட்டளையால் அப்டேட் செய்து, எல்லாம் ஒழுங்காக ஓடுவதைக் கண்டபின், வெள்ளிக்கிழமை அதே கட்டளையை, அன்றாட வேலை நடக்கும் சேர்வரான புரொடக்‌ஷனில் கொடுத்தேன். இடையில், எங்கள் சேர்வர்களின் இயங்குதளமான உபுண்டு தன் மென்பொருள் பொதிகளை வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தில் பிஎச்பி நிரல்மொழியின் பொதி மாறியிருந்ததால் நான் சோதித்தே பாராத பதிப்பு ஏறி, சம்பளத்துக்கு முதல்நாள் செக்ரோல் அறிக்கை திறக்கவில்லை. ஆப்ட் கட்டளை, அது ஓடும் நேரத்தில் களஞ்சியத்தில் உள்ளதையே எடுக்கும்.

இதைத் தவிர்க்க நான் ஆப்ட்லியை, அதாவது களஞ்சியத்தின் நகலை நம்மிடமே வைத்துச் சேர்வர்களுக்கு வழங்கும் கருவியைப் பயன்படுத்துகிறேன். பொதிகளின் பதிப்பு மாறாதபடி அவற்றை ஹோல்டில் நிறுத்தி வைப்பதை நான் விரும்புவதில்லை. நிறுத்தியதை மறந்துவிட்டால் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்தே நின்றுவிடும்.

உபுண்டு 24.04இன் அடிப்படைக் களஞ்சியம், அப்டேட்ஸ், செக்யூரிட்டி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மிரர் (நகல்) உருவாக்குங்கள். முழுவதையும் இறக்க மலைப்பக்க டேட்டா தாங்காது என்பதால், இரு சேர்வர்களிலும் உள்ள பொதிகளின் பெயர்களை எடுத்து, அவற்றையும் அவை சார்ந்தவற்றையும் மட்டும் வடிகட்டி இரவில் இறக்கிக்கொள்கிறேன். பிறகு மூன்றுக்கும் ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலையின் மாறாத பதிவு) எடுத்து, ஒவ்வொரு பொதியிலும் புதிய பதிப்பை மட்டும் வைக்கும் லேட்டஸ்ட் தெரிவுடன் மெர்ஜ் செய்து, திகதியையே பெயராக இட்டு, முதலில் டெஸ்ட் முகவரியில் பப்ளிஷ் செய்யுங்கள். சோதனை முடிந்ததும் புரொடக்‌ஷன் முகவரியை அதே ஸ்னாப்ஷாட்டுக்கு சுவிட்ச் செய்தால் போதும்.

சேர்வர்களை ஆப்ட்லியின் பக்கம் திருப்பும் இடத்தில்தான் நான் அரைநாள் தடுமாறினேன். களஞ்சிய முகவரிகள் அதில்தான் இருக்கும் என்ற பழக்கத்தில் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திருத்திவிட்டேன், ஆனால் 24.04இல் அந்த முகவரிகள் சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவிலுள்ள உபுண்டு.சோர்சஸ் கோப்பில் இருக்கின்றன, அதிலும் செக்யூரிட்டிக்கெனத் தனிப் பத்தி ஒன்று கீழே இருக்கிறது. அக்கோப்பு இருக்கும்வரை உபுண்டுவின் களஞ்சியமும் என் ஆப்ட்லி களஞ்சியமும் 500 என்ற ஒரே முன்னுரிமையில் நிற்க, ஆப்ட் இரண்டில் புதிய பதிப்பையே எடுத்துக்கொண்டிருந்தது. கோப்பின் பெயர் ஈற்றில் டிசேபிள்ட் என்று சேர்த்து ஒதுக்கிவிட்டு, ஆப்ட்-கேஷ் பொலிசி கட்டளை உங்கள் ஆப்ட்லி முகவரியை மட்டுமே காட்டுகிறதா என்று இரு சேர்வர்களிலும் பாருங்கள்.

பிற்சேர்க்கை: பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு சுவிட்ச் செய்தும் புரொடக்‌ஷனில் பொதிகள் பழைய பதிப்புக்கு இறங்கவில்லையே என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஆப்ட் தானாகப் புதிய பதிப்பிலிருந்து பழையதற்கு இறங்குவதில்லை. பிரிஃபரன்ஸஸ் கோப்பில் அந்த முகவரிக்கு 1001 என்ற முன்னுரிமையைக் கொடுத்து மீண்டும் அப்கிரேட் செய்தால் இறங்கும். இறங்கியதும் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.